அக்காவின் இடுப்பளவு

அவளுக்கு வீட்டில் வைத்த பெயர் ஒன்று இருந்தது. அதைச் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. தெருவுக்கே அவள் பாபின்தான், தையல் மெஷினுக்குள் நூலைச் சுற்றிக்கொண்டு ஓடுகிற அந்தப் பாபின். ஒல்லியான உடம்பு, ஒரு நிமிஷம் சும்மா இருக்காத சுபாவம். மெஷினை மிதித்துக்கொண்டே டீ குடிப்பாள், அதற்கிடையே வாசலில் போகிறவர்களை விசாரிப்பாள், அந்த விசாரிப்பில் ஒரு பொத்தானைத் தொலைத்துவிட்டு வீட்டையே தலைகீழாக்குவாள். "கொஞ்சம் உட்காரேன்டி" என்று அக்கா சொன்னால், "உட்கார்ந்துதானே தைக்கிறேன்" என்பாள். அவளை யார் பேசி ஜெயிப்பது?

அக்கா பேருந்து நிலையத்தில் விசாரணைக் கவுண்ட்டரில் வேலை பார்ப்பவள். வாட்டசாட்டமான ஆள். புதுச் சீருடை கொடுத்த அன்று ஸ்டோர்காரன் எல்லோர் முன்னாலும் ஒரு பேன்ட்டைத் தூக்கிப் போட்டு, "உங்க சைஸுக்கு ஆம்பளைங்க பேன்ட்தான் இருக்கு, எடுத்துக்கங்க" என்றான். அக்கா சிரித்து மழுப்பினாள். நேராகத் தங்கை பாபினின் வீட்டுக்கு வந்து, அந்த பேன்ட்டை மெஷின்மேல் போட்டுவிட்டு அழுதாள். பிறகு ஒரு நாள் கையில் பாட்டிலோடு வந்தாள். ஏதோ ஒரு செடியின் வேராம். பொடித்து கேப்ஸ்யூலில் அடைத்திருந்தார்கள். கொழுப்பெல்லாம் கரைந்து ஓடிவிடும் என்று போனில் பார்த்த வீடியோவில் ஒரு பெண் சிரித்துக்கொண்டே சொன்னாளாம்.

"டாக்டர்கிட்ட கேட்டியா? நீ பிரஷர் மாத்திரை வேற போடுற" என்றாள் பாபின்.

"வேருக்கு எதுக்குடி டாக்டர்? இது என்ன மருந்தா? மண்ணுல முளைச்சது."

"அரளியும் மண்ணுலதான்க்கா முளைக்குது."

அக்கா காதில் வாங்கவில்லை. வாரம் தவறாமல் தங்கை முன்னால் வந்து கையைத் தூக்கிக்கொண்டு நிற்பாள். பாபின் டேப்பைச் சுற்றிப் பார்ப்பாள். இடுப்பு இருந்தது இருந்தபடியே இருந்தது. ஒவ்வொரு முறையும் அக்காவின் முகம் சுருங்கிப் போகும். இதையெல்லாம் பார்த்துக்கொண்டு பேசாமல் இருக்கும் மனசு பாபினுக்குக் கிடையாது. அதுதான் அவளுடைய நல்ல குணம், அதுதான் அவளைப் பிடித்த சனியனும்.

அக்காவின் இடுப்பில் கச்சிதமாக உட்கார்ந்து, நீளம் குறைக்க மட்டும் வந்த அந்தச் சீருடை பேன்ட்டின் இடுப்புப் பட்டியைப் பிரித்தாள். உள்ளே மடித்து விட்டிருந்த துணியில் ஒரு விரல் அகலம் வெளியே எடுத்தாள். பழைய தையலின் தடம் தெரியாமல் தண்ணீர் தெளித்து இஸ்திரி போட்டுக் கொடுத்தாள். இளைத்துவிட்டோம் என்று சந்தோஷப்பட்டு அக்கா பாட்டிலைத் தூரப் போட்டுவிடுவாள் என்பது அவள் கணக்கு. ஊசியில் நூல் கோக்கிற நேரம் யோசித்திருந்தால்கூட அந்தக் கணக்கு உதைப்பது தெரிந்திருக்கும். பாபின் என்றைக்கு யோசித்தாள்?

"வழியுதுடி! பேன்ட் இடுப்புல நிக்காம வழியுது!" என்று ஓடி வந்த அக்கா, அன்றிலிருந்து ஒரு கேப்ஸ்யூல் போடுகிற இடத்தில் இரண்டு போட்டாள். பேன்ட்டின் இடுப்பைப் பிடித்துச் சின்னதாக்கிக் கொடுக்கச் சொன்னாள். பிடித்தால் பழைய அளவுக்கே வந்து குட்டு வெளிப்பட்டுவிடும். பாபின் ஒரு தையலும் போடாமல் இஸ்திரி மட்டும் போட்டு, "பிடிச்சாச்சு" என்று திருப்பிக் கொடுத்தாள். பிடித்தும் வழிகிறதே என்று அக்கா இன்னும் பூரித்தாள். அடுத்த முறை அளவு எடுக்கும்போது டேப்பை இறுக்கிப் பிடித்தாள். ஒரு பொய்க்கு இரண்டு பொய் துணைக்கு வந்தாயிற்று.

அதற்குப் பிறகு பாபினுக்கு இருப்புக்கொள்ளவில்லை. ஊசிகள் பட்டுப் பட்டென்று உடைந்தன. யாருடைய சட்டைக்கோ கையை மாற்றித் தைத்தாள். டீ டம்ளரைப் பிடித்த அக்காவின் விரல்கள் நடுங்கின. "சுறுசுறுப்பா இருக்குடி, தூக்கமே வர்றதில்ல" என்று அக்கா பெருமையாகச் சொன்னாள். சொல்லிவிட வேண்டும் என்று பாபின் வாயைத் திறப்பாள். அக்கா கண்ணாடி முன்னால் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொள்வாள். வந்த வார்த்தையைப் பாபின் விழுங்கிவிடுவாள்.

ஒரு மத்தியானம் அத்தான் போன் செய்தார். "உங்க அக்கா கவுண்ட்டர்லயே மயங்கிட்டா. நெஞ்சு படபடன்னு அடிக்குது. ஆஸ்பத்திரிக்கு வா."

பாபின் கழுத்தில் தொங்கிய டேப்போடு ஓடினாள். உள்ளே டாக்டரம்மா அக்காவைக் கேட்டுக்கொண்டிருந்தார்: "வேற ஏதாவது சாப்பிடுறீங்களா?"

"பிரஷர் மாத்திரை மட்டும்தான் டாக்டர்" என்றாள் அக்கா. சொல்லிக்கொண்டே தங்கையைப் பார்த்தாள். வாயைத் திறக்காதே என்று அந்தப் பார்வை சொன்னது.

பாபின் ஜன்னல் வரை போனாள், திரும்பி வந்தாள், மறுபடியும் போனாள். அக்காவுக்கு ஏதாவது ஆகிவிட்டால்? டாக்டரம்மாவின் பக்கத்தில் வந்து நின்றாள். "பொய் சொல்றா டாக்டர். இளைக்கிறதுக்கு ஒரு வேர் மாத்திரை, ரெண்டு ரெண்டா போடுறா."

டாக்டரம்மாவின் பேனா நின்றது. "வேர்னா தொந்தரவு பண்ணாதுன்னு யார் சொன்னா? இதனால இளைச்சாங்கன்னு சரியா யாரும் காட்டினதில்ல. சில பாட்டில்ல வேரோட வேற எதையாவது கலந்திருப்பாங்க, மேல எழுதவும் மாட்டாங்க. பிரஷர் மாத்திரையோட சேர்ந்தா என்ன வேணா ஆகலாம். இனிமே தொடக் கூடாது. அந்தப் பாட்டிலைக் கொண்டு வாங்க" என்று அத்தானை அனுப்பிவிட்டு, டாக்டரம்மா அடுத்த படுக்கைக்குப் போனார்.

"காட்டிக் கொடுத்துட்டல்ல?" என்றாள் அக்கா. "போகட்டும். கொஞ்ச நாள் நிறுத்திட்டு, அப்புறம் ஒண்ணே ஒண்ணு போட்டுக்குறேன். அவங்களுக்கு என்ன தெரியும்? பலன் எனக்குத்தானே தெரியுது."

பாபின் கழுத்திலிருந்த டேப்பைக் கழற்றிக் கட்டில்மேல் போட்டாள். "பலனும் இல்ல, ஒண்ணும் இல்லக்கா. பட்டியைப் பிரிச்சு விட்டது நான்தான். டேப்பையும் இறுக்கிப் பிடிச்சேன். நீ ஒரு நூல்கூட இளைக்கல."

அக்கா போர்வையை இழுத்துக் கழுத்துவரை மூடிக்கொண்டாள். நெஞ்சு அதற்கு அடியில் வேகவேகமாக ஏறி இறங்கியது.

"டாக்டர்கிட்ட வேரைச் சொன்ன, சரி. எங்கிட்ட தையலை எதுக்குடி சொன்ன? நிறுத்துன்னா நிறுத்தியிருப்பேனே."

"நிறுத்தியிருக்க மாட்டக்கா."

"ஆமா" என்றாள் அக்கா. "மாட்டேன்தான்." சுவர் பக்கம் திரும்பிப் படுத்து அழுதாள். பாபின் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள்.