டிரம்முக்குப் பின்னால் இருந்த வைஃபை

யாராவது "புது போன் வாங்குங்க" என்று சொல்லிவிட்டால் போதும், சங்கரேஸ்வரிக்குச் சுர்ரென்று ஏறிவிடும். குர்லாவில் பன்னிரண்டு வருடம் பை தைத்துவிட்டு, ஒருநாள் முதலாளியின் முகத்துக்கு நேரே "இனி வரமாட்டேன்" என்று சொல்லிவிட்டு வந்தவள் அவள். இப்போது மாட்டுங்காவிலும் செம்பூரிலும் இருக்கும் ஏழு பிள்ளைகளுக்குத் தாராவி அறையிலிருந்து போனிலேயே தமிழ் எழுதப் படிக்கச் சொல்லிக்கொடுக்கிறாள். வீட்டில் தமிழ் பேசுவார்கள், தமிழ்ப் பலகையைப் பார்த்தால் விழிப்பார்கள், அப்படிப்பட்ட பிள்ளைகள். எல்லோருக்கும் மதியப் பள்ளி என்பதால் வகுப்பு காலை ஒன்பதுக்கு.

அந்த ஒன்பது மணிக்குத்தான் வைஃபை சதி செய்தது. அவள் 'அம்மா' என்றால் அங்கே 'அ' மட்டும் போய்ச் சேரும். படம் உறைந்து நிற்கும். அறையில் கூடத் தங்கியிருக்கும் தங்கமயிலுக்கும் ஷர்மிளாவுக்கும் சாயங்காலம் சினிமாவே தடையில்லாமல் ஓடியது.

"அக்கா, ஒங்க போனு டப்பா. பேக்கார்ல, வேஸ்டா வச்சிட்டு இருக்கீங்க" என்றாள் மாலில் பில் போடும் ஷர்மிளா.

"சாயங்காலம் இதுலயும் நல்லாத்தான ஓடுது?"

"காலையில பழசுக்கு மூச்சு வாங்கும்க்கா!"

இருவரும் சிரித்துவிட்டு எட்டு மணிக்கெல்லாம் வேலைக்குப் போய்விட்டார்கள். இவளுக்குச் சிரிப்பு வரவில்லை. ஏழு பிள்ளைகளில் ஒருத்தியான ஹரிதாவின் அம்மா விசாலாக்ஷி, "இந்த வாரமும் இப்படியே இருந்தா நிறுத்திடறேன்" என்று சொல்லிவிட்டார். மற்ற ஆறு பிள்ளைகளும் அவர் சொல்லி வந்தவர்கள்தான். வகுப்பு போனால் மறுபடி குர்லா.

திங்கட்கிழமை சந்தில் குழாய் உடைந்து தண்ணீர் வரவில்லை. அன்று வகுப்பு கண்ணாடி மாதிரி ஓடியது. செவ்வாயன்று தண்ணீர் வந்தது, வகுப்பு மறுபடி அறுந்து அறுந்து போனது. சங்கரேஸ்வரி பரணிலிருந்து ஏணியில் இறங்கி மோரிப் பக்கம் வந்து நின்றாள். குளிக்கவும் கழுவவும் உள்ள அந்த மூலையில்தான் இருநூறு லிட்டர் நீல டிரம். அதற்குப் பின்னால், தாழ்ந்த தட்டில், பிளாஸ்டிக் பை சுற்றிய வைஃபை பெட்டி. பிளக் பாயிண்ட் அங்கே ஒன்றுதான் என்று வீட்டுக்காரர் நயினார் அண்ணாச்சி அங்கே வைத்து, யாரும் கை வைக்கக் கூடாது என்று உத்தரவும் போட்டிருந்தார். சாயங்காலத்துக்குள் டிரம் பாதி காலியாகிவிடும், நெட் வரும். காலையில் டிரம் கழுத்துவரை நிறைந்திருக்கும், அத்தனை தண்ணீரைத் தாண்டி சிக்னல் வராது. வீட்டிலேயே இருப்பவள் என்று ஆறு மணிக்கு அதை நிரப்புகிறவளும் இவளேதான்!

தன் வகுப்பைத் தானே தினமும் தண்ணீரில் முக்கியிருக்கிறோமே என்று தலையில் அடித்துக்கொண்டாள். டிரம்மை நகர்த்த வேறு இடம் கிடையாது. அதனால் புதன்கிழமை பெட்டியைப் பிடுங்கி, எக்ஸ்டென்ஷன் போர்டு போட்டு, தான் பாடம் நடத்தும் பரணின் இரும்புச் சட்டத்தில் கயிற்றால் கட்டினாள். ஒன்பது மணிக்கு ஏழு முகங்களும் பளிச்சென்று வந்தன.

பாடம் பாதியில் இருக்கும்போது, உடைந்த குழாயைச் சரிசெய்தது சரியாக இருக்கிறதா என்று பார்க்க அண்ணாச்சி வந்தார். காலியான தட்டைக் கண்டதும் குரல் எகிறியது.

"இதுல யாரு கைய வச்சா? பொம்பள தொடுத சாமானா இது?"

"பொம்பள தொட்ட பொறவுதான் அண்ணாச்சி ஒழுங்கா வேல செய்யுது" என்றாள் சங்கரேஸ்வரி மேலிருந்து.

"எதுத்தா பேசுத? இப்பமே எடத்த காலி பண்ணு!"

அவள் இறங்கவில்லை. "பண்ணுதேன். பாடம் பத்து மணிக்கு முடியும். அதுவரைக்கும் வாசல்ல நில்லுங்க. பெட்டிய மட்டும் தொட்டுராதீங்க."

அண்ணாச்சி ஏணியில் கால் வைத்தார். அப்போது பரணில் இருந்த போனிலிருந்து விசாலாக்ஷியின் குரல் கணீரென்று வந்தது:

"டீச்சர், ஒரு வார்த்தை விடாம எங்க ஏழு ஆத்துக்கும் கேட்டது. அந்த மாமாவைச் சித்த சத்தம் போடாம இருக்கச் சொல்லுங்கோ. கொழந்தைகள் படிக்கறா."