சாமைக்கதிர் அச்சு

எங்கள் வீட்டில் விளக்கெண்ணெய் வாங்குவதில்லை. அந்த வாசனை எனக்கு ஒத்துக்கொள்ளாது என்று மனைவியிடம் சொல்லி வைத்திருக்கிறேன். அவளும் அதற்குமேல் கேட்டதில்லை. குங்குமம் குழைத்த விளக்கெண்ணெய்க்கு ஒரு தனி மணம் உண்டு. இருபது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. இன்னும் சில பகல்களில், சோற்றில் கை வைக்கும்போது, என் விரல் நுனியிலிருந்து அது கிளம்புகிறது.

நான் எட்டாவது வரை படித்தவன். பாப்பிரெட்டிப்பட்டியில் ஒரு புளி மண்டியில் மூட்டைகளுக்கு அச்சுப் போடுவது என் வேலை. முதலாளியின் அடையாளத்தை மரக்கட்டையில் செதுக்கி, மையில் தோய்த்து, சாக்கின்மேல் அழுத்த வேண்டும். கட்டை தேய்ந்தால் புதிதாகச் செதுக்குவதும் நான்தான். வாயைத் திறக்காமல் செய்யக்கூடிய வேலை என்பதால் எனக்குப் பிடித்திருந்தது. நான் திக்குவாயன் இல்லை. நாலு பேர் சேர்ந்தாற்போல் என்னைப் பார்த்தால் நாக்கு எழாது, அவ்வளவுதான்.

இரண்டாம் உலக யுத்தம் வருவதற்கு இரண்டு மூன்று வருடம் முன்பு, மண்டிக்கு வந்த பழைய காகிதக் கட்டில் ஒரு இங்கிலீஷ் பத்திரிகைத் தாள் கிடைத்தது. பாறைச் சந்துக்குள் கையை விட்டு ஒரு டப்பாவை எடுக்கும் மனிதரின் படம். பள்ளிக்கூட வாத்தியார் ஒருவரிடம் காட்டினேன். அவர் படித்துவிட்டுச் சிரித்தார். "வெள்ளைக்காரன் ஊர்ல ஒரு பொட்டல் காட்டுல டப்பாவ ஒளிச்சு வக்கிறாங்களாம்ப்பா. தேடிக் கண்டுபுடிக்கிறவன் அதுல இருக்கிற நோட்டுல ஒரு அடையாளம் வச்சுட்டுப் போறானாம். வேலையத்த வேலை!"

எனக்கு அது வேலையற்ற வேலையாகத் தெரியவில்லை. முகம் பார்க்காமல், பேச்சுக் கொடுக்காமல் ஒரு மனிதனோடு பழக உலகத்தில் ஒரு வழி இருக்கிறது என்று தெரிந்தது.

சித்தேரி மலைப்பாதை தொடங்கும் இடத்தில், இரண்டு பாறைகளுக்கு நடுவே குழி பறித்து, முதல் பிஸ்கட் டப்பாவை வைத்து மேலே கல் அடுக்கினேன். உள்ளே ஒரு நோட்டு, மை ஊறிய துணி, நான் செதுக்கிய ஓர் அச்சு. தேடி வருபவர் டப்பாவின் அச்சைத் தம் நோட்டில் பதித்துக்கொள்ள வேண்டும். தம்முடைய அச்சை டப்பா நோட்டில் பதிக்க வேண்டும். பெயர் எழுதக் கூடாது. நோட்டின் முதல் பக்கத்தில் பெரிய எழுத்தில் எழுதினேன்: "இதைக் கண்டவர் பயப்பட வேண்டாம். இது ஒரு விளையாட்டு. உங்கள் அடையாளத்தை வைத்துவிட்டு, இருந்த இடத்திலேயே வைத்துவிடுங்கள்."

ஆனால் ஆள் சேர்ப்பது எப்படி? யாரிடமும் போய்ச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. மூட்டை வாயைத் தைக்கும்போது சில மூட்டைகளில் ஒரு துண்டுச் சீட்டைச் சேர்த்துத் தைத்தேன். "மலைப்பாதை ஆரம்பம். இரண்டு பாறை. மாலையில் சின்னப் பாறையின் நிழல் முடியும் இடத்திலிருந்து பதினெட்டு அடி. மூன்று கல் அடுக்கு. நடுக்கல்லை நகர்த்தவும்."

நான்கு மாதம் ஒன்றும் இல்லை. ஐந்தாம் மாதம் நோட்டில் ஒரு ரயில் கைகாட்டி பதிந்திருந்தது. மொரப்பூர் ஸ்டேஷனில் மூட்டை ஏற்றும் இடத்தில் யாரோ சீட்டைப் பார்த்திருக்க வேண்டும். அந்தப் பக்கத்தை வெயிலில் பிடித்துக்கொண்டு எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. பிறகு ஒரு கல்வமும் குழவியும் வந்தது. யாரோ கம்பவுண்டர் என்று நினைத்துக்கொண்டேன். பிறகு ஒரு கிளி, ஒரு பஸ் சக்கரம். அவர்களே அரூர்ப் பக்கமும் வத்தல்மலையிலும் டப்பாக்கள் வைத்து, வழிச் சீட்டை என் நோட்டில் செருகிவிட்டுப் போனார்கள். இதற்கு 'டப்பாத் தபால்' என்று பெயர் வைத்தது கிளி அச்சுக்காரர். என் அடையாளம் பல்லி.

ஒருமுறை தீர்த்தமலைத் தேருக்கு எல்லோரும் வந்து சந்திக்கலாம் என்று நோட்டிலேயே பேசி முடிவானது. நானும் போனேன். பொரிக்கடைக்குப் பின்னால் நின்று, புளியமரத்தடியில் நோட்டுகளைப் பரப்பிச் சிரித்துக்கொண்டிருந்த ஐந்தாறு பேரைப் பார்த்தேன். தேர் நிலைக்கு வரும்வரை பார்த்துவிட்டு வீடு திரும்பினேன். அடுத்த வாரம் நோட்டில், "பல்லியார் வரவில்லையே, கௌளி சகுனம் சரியில்லையோ?" என்று எழுதியிருந்தது.

என் முகம் தெரிந்தவர் ஒரே ஒருவர்தான். மலையில் தனியாகச் சாமை விதைத்து, காட்டில் புளியும் கடுக்காயும் பொறுக்கி மண்டிக்குக் கொண்டுவரும் அக்கா. புருஷன் இல்லை, பிள்ளை இல்லை. நான் டப்பா வைப்பதை ஒருநாள் பார்த்துவிட்டார்.

"என்னா தம்பி, பொதையலா?"

"இல்லீங்கக்கா. வெளையாட்டு."

தட்டுத் தடுமாறிச் சொல்லி முடித்தேன். கூடையை இறக்கி வைத்துவிட்டுச் சிரித்தார். "மீசை மொளச்ச ஆம்பளைங்க எல்லாம் கூடிக்கிட்டு கண்ணாமூச்சி ஆடுறீங்களா? செரி, எனக்கும் ஒண்ணு செதுக்கிக் குடு. என்னாத்துக்கு நான் மட்டும் சும்மா இருக்கணும்?"

ஒரு சாமைக்கதிர் செதுக்கிக் கொடுத்தேன். அதன் பிறகு அந்த டப்பாவுக்குக் காவல் அவர்தான். மழை விட்டதும் நோட்டைக் காய வைப்பார். பூச்சி வராமல் வேப்பிலை மாற்றுவார். எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் அச்சுகளைப் பார்த்தே ஆட்களை விசாரிப்பார். "அந்தக் கைகாட்டிக்காரரு ரெண்டு மாசமா வல்லியே, ஒடம்புக்கு ஏதாச்சுமா தம்பி?"

யுத்தத்தில் மை கிடைக்காமல் போயிற்று. முதலாளியின் மையைத் தொட முடியாது. குங்குமத்தை விளக்கெண்ணெயில் குழைத்துத் துணியில் ஊறவைத்தேன். சிவப்பு நன்றாகவே பதிந்தது. கரையான் வராமலிருக்க மஞ்சள் துண்டு போட்டேன். கிளி அச்சுக்காரர் மற்றவர்களுக்குப் பரிசாக உடைந்த கண்ணாடி வளையல் துண்டுகளை ஒரு நூலில் கோத்து வைத்திருந்தார். மண்ணுக்குள் ஒரு டப்பா. அதில் குங்குமம், மஞ்சள், வேப்பிலை, வளையல், சிவப்பில் ஒரு பல்லி. இதையெல்லாம் ஒன்றாகச் சேர்த்துப் பார்க்க எனக்கு அப்போது தோன்றவில்லை. இந்த ஊரில் பிறந்து வளர்ந்த எனக்கே தோன்றவில்லை.

அந்த வருடம் மலையூர்த் தலைவரான பெரியதனக்காரரின் பேத்திக்குப் பன்னிரண்டு நாள் காய்ச்சல். கோடங்கி வந்து உடுக்கடித்து, வழியில் ஏதோ புதைத்திருக்கிறது என்றான். தேடினார்கள். கிடைத்தது.

நோட்டில் பக்கம் பக்கமாகச் சாமைக்கதிர் அச்சு. அது யாருடையது என்று ஊருக்கே தெரியும். களத்தில் தூற்றிய தானியத்தை அன்றைக்கே வீட்டுக்குக் கொண்டுபோக முடியாவிட்டால், குவியலைச் சுற்றி ஈரமண் உருண்டைகள் வைத்து அதில் அவரவர் மர அச்சைப் பதிப்பார்கள். யாராவது கை வைத்தால் அச்சுக் கலைந்து காட்டிக்கொடுத்துவிடும். அக்காவின் பழைய கள அச்சு வெடித்துப்போனதால், நான் கொடுத்ததையே அவர் களத்திலும் வைத்திருந்தார்.

நோட்டில் எழுத்து இருந்ததால் படித்துச் சொல்ல ஆள் வேண்டியிருந்தது. சந்தை நாளில், பட்டப்பகலில், நாற்பது பேர் டப்பாவோடு எங்கள் மண்டிக்கு வந்தார்கள். நடுவில் அக்கா. தலைமுடி அவிழ்ந்திருந்தது.

முதலாளி கண்ணாடியைத் தேடிவிட்டு, நோட்டை என்னிடம் நீட்டினார். "நீ படிடா. மொதப் பக்கத்துல என்னமோ பெருசா எழுதியிருக்கு பாரு."

என் கையெழுத்து. மழையில் ஓரம் கலங்கியிருந்தது. மற்றபடி ஒவ்வொரு எழுத்தும் தெளிவாக இருந்தது. இதைக் கண்டவர் பயப்பட வேண்டாம். அதைப் படித்தால் போதும். யார் எழுதியது என்றுகூடச் சொல்ல வேண்டியதில்லை. இருப்பதைப் படித்தால் போதும்.

நாற்பது பேரும் என் வாயைப் பார்த்தார்கள்.

"தண்ணி பட்டு அழிஞ்சு போச்சுங்க. தெரியலீங்க" என்றேன்.

அக்கா என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் அது இவ்வளவு வருடம் என்னுள் நின்றிருக்காது. ஓர் அச்சு சரியாக விழவில்லை என்றால் தலையைச் சாய்த்துப் பார்ப்பாரே, அப்படிப் பார்த்தார்.

"இது உன் அச்சுதான?" என்று பெரியதனக்காரர் கேட்டார்.

"என்துதாங்க."

"எவன் சொல்லிக் குடுத்தான்?"

"ஒருத்தரும் சொல்லல. வெளையாட்டுக்கு வச்சேன்."

"நாப்பது வயசுல வெளையாட்டா? கேளுங்கய்யா, வெளையாடுறாளாம்!" யாரோ சிரித்தார்கள். இன்னொருவன் அக்காவின் முதுகில் கோலால் இடித்தான். முதலாளி, "எல்லாம் ஒங்க ஊர் வழக்கு, ஊருக்குள்ள போய்ப் பேசுங்க" என்று எழுந்து உள்ளே போய்விட்டார்.

அப்போது ஊரெங்கும் காங்கிரஸ் துண்டுச் சீட்டு வைத்திருப்பவர்களைப் போலீஸ் பிடித்துக்கொண்டிருந்தது, அதனால்தான் பயந்தேன் என்று பின்னால் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பொய். போலீஸ் நினைவே எனக்கு வரவில்லை.

டப்பாவையும் அச்சையும் அக்காவுடைய களத்திலேயே வைத்து எரித்தார்களாம். அவரை ஊரைவிட்டு அனுப்பினார்கள். அவர் விதைத்த காடு கொழுந்தனுக்குப் போயிற்று. ஏரியூர்ப் பக்கம் போனதாக ஒருவர் சொன்னார். சேர்வராயன் மலைக் காப்பித் தோட்டத்தில் பார்த்ததாக இன்னொருவர் சொன்னார். நான் சீட்டுத் தைப்பதை நிறுத்தினேன். மற்றவர்களுக்கு ஒன்றும் சொல்லவில்லை. அவர்கள் மலையடிவாரத்துக்கு வந்து, வெறும் குழியைப் பார்த்துத் திரும்பியிருப்பார்கள். சந்தை நாட்களில் கூடை சுமந்து வரும் பெண்களில் யாராவது தலையைச் சாய்த்து நின்றால் கட்டை என் கையிலிருந்து நழுவிவிடும். எத்தனையோ மூட்டையில் அச்சு இரட்டையாக விழுந்து ஏச்சு வாங்கியிருக்கிறேன்.

சுதந்திரம் வந்த மறு வருடம் மலை ஏறினேன். பெரியதனக்காரர் கேழ்வரகுக் கதிரைக் காய வைத்துக்கொண்டிருந்தார். உட்காரச் சொல்லி மோர் கொடுத்தார். எதிரில் ஒரே ஒருவர் இருந்ததால் என்னால் சொல்ல முடிந்தது. டப்பா என்னுடையது, குங்குமம் நான் குழைத்தது, எழுத்து என்னுடையது, அன்று என்னால் படிக்க முடிந்தது. எல்லாவற்றையும் சொன்னேன்.

அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு என் முழங்காலைத் தட்டினார். "நல்ல மனசுங்க ஒங்களுக்கு. அவளுக்காவ இவ்ளோ தூரம் ஏறி வந்து பழிய ஏத்துக்கறீங்க. ஆனா ஒண்ணு கேக்கறேன். எரிச்ச மூணாம் நாளு எம் பேத்தி எந்திரிச்சு கஞ்சி கேட்டுச்சு. அது எப்பிடிங்க?"

வாசலில் அந்தப் பெண் ஆட்டுக்குத் தழை போட்டுக்கொண்டிருந்தாள். நல்ல ஆரோக்கியமான பெண். மோர்ச் செம்பைக் கீழே வைத்துவிட்டு எழுந்தேன்.

வழியனுப்ப அவரே கூட இறங்கி வந்தார். டப்பா வைத்திருந்த இரண்டு பாறைகளுக்கு நடுவில், ஏறும்போது நான் திரும்பிப் பார்க்காமல் கடந்த இடத்தில், இடுப்புயரத்துக்குக் கற்கள் குவிந்திருந்தன. அவர் ஒரு கல்லை எடுத்து அதன்மேல் போட்டார்.

"நீங்களும் ஒண்ணு போடுங்க. இந்த எடத்தத் தாண்டறவங்க போட்டுட்டுத்தான் போவணும். இல்லன்னா அவ பின்னாலயே வருவா."

குனிந்து ஒரு கல்லை எடுத்தேன். கையில் வைத்துக்கொண்டு நின்றேன். அவர் அவசரப்படுத்தவில்லை. நான் போடுவதற்காக, மரியாதையாகக் காத்துக்கொண்டிருந்தார்.

போட்டேன்.