இரண்டு கடிதமும் ஒரு கலியாண வீடியோவும்

குருநகர் மக்டலீன் கமராவோடு கலியாண வீட்டுக்கு வந்தால் ஐயர்மாரே கொஞ்சம் அடங்கி நடப்பார்கள். "ஐயா, புகை போட்டது காணும், மாப்பிள்ளையின்ரை முகம் தெரியேல்லை" என்று ஓமகுண்டத்துக்கு மேலால் கத்துகிற ஆள் அவர். மானிப்பாயில் ஓர் அறை எடுத்து, பதினாறு வருடமாக வீடியோத் தொழில் செய்கிறார். எடுத்த எதையும் இரண்டு ஹார்ட் டிஸ்க்கில் போட்டு வைப்பது அவருடைய வழக்கம்.

போன தை மாதம் உரும்பிராய் வெங்காயத் தோட்டக்காரர் நடராசாவின் மகள் தர்சிகாவின் கலியாணத்தை எடுத்தார். அதைப் போட்டு வைத்த இரண்டு டிஸ்க்கும் ஒரே கொம்பனி. ஒரே நாளில் வாங்கியவை. மூன்று வருட வாரண்டி. பத்தாம் நாள் முதலாவது டிஸ்க் கொம்பியூட்டரில் தெரியாமல் போனது. மற்றதில் கலியாணம் முழுதாக இருந்ததால் மக்டலீன் பதறவில்லை. பழுதானதைக் கொம்பனியின் கொழும்பு முகவருக்கு அனுப்பினார்.

பதில் கடிதம் வந்தது. டிஸ்க்குக்குள்ளேயே அதை இயக்குகிற சின்னப் புரோகிராம் ஒன்று இருக்கிறதாம். ஃபேர்ம்வெயர் என்று பெயராம். அதில் ஒரு பிழை இருந்ததாம். திருத்திய புதுசைக் கொம்பனி இணையத்தில் போட்டிருந்தும் நீங்கள் ஏற்றவில்லை. ஆகவே வாரண்டி செல்லாது.

"பிழை விட்டது அவங்கள். குற்றவாளி நானாம்!"

ஏசினாலும் மக்டலீனுக்குப் பயம் பிடித்துவிட்டது. உடனே இரண்டாவது டிஸ்க்கில் புது ஃபேர்ம்வெயரை ஏற்றத் தொடங்கினார். முதலில் கலியாணத்தை வேறெங்காவது கொப்பி பண்ணியிருக்கலாம். அது மடத்தனம் என்று அவரே ஒப்புக்கொள்வார்; வேறு யாரும் சொல்லக் கூடாது. எண்பத்தேழு வீதத்தில் எல்லாம் நின்றது. அந்த டிஸ்க்கும் செத்தது. தொலைந்த பொருளுக்கு அந்தோனியார் இருக்கிறார். செத்த டிஸ்க்குக்கு எந்தப் புனிதர் என்று பங்குத்தந்தைக்கும் தெரியவில்லை.

அதையும் அனுப்பினார். இரண்டாவது கடிதம் வந்தது: பாவனையாளர் உள்ளே இருந்த புரோகிராமை மாற்றியிருக்கிறார், ஆகவே வாரண்டி செல்லாது.

அன்றைக்கென்று நடராசா வந்து நின்றார். "பிள்ளை, மகள் கனடா போகமுதல் வீடியோ தாறன் எண்டனீங்கள்."

பொய் சொல்ல வராமல் மக்டலீன் இரண்டு கடிதத்தையும் நீட்டினார். வாசித்து முடிக்க நடராசாவின் முகம் சிவந்தது.

"மருந்தடிக்காட்டியும் பிழை, அடிச்சாலும் பிழையோ? உந்தக் கடிதத்தை எழுதினவன்ரை மூஞ்சையை நான் பாக்கோணும்."

மறுநாள் இருவரும் கொழும்புக்கு ரயில் ஏறினார்கள். முகவர் அலுவலகத்தில் வாரண்டிக்குப் பொறுப்பாக இருந்தவர் கதிரவேலு, புத்தூர் ஆள். மக்டலீன் அவருடைய மேசைக்கு முன்னால் கமராவை நிறுத்தினார்.

"என்ன அக்கா இது?"

"ஒண்டுமில்லைத் தம்பி. உந்த ரெண்டு கடிதத்தையும் வாசியுங்கோ. வடிவாய், சத்தமாய்."

கதிரவேலு முதலாவதைக் கம்பீரமாக வாசித்தார். இரண்டாவதின் கடைசி வரியில் அவருடைய குரல் தேய்ந்தது.

"ரெண்டிலையும் உங்கடை கையெழுத்துத்தானே?"

"ஓம். கொம்பனி அனுப்புற வசனம் அக்கா. நான் பேரை மட்டும்தான் மாத்திறனான்."

"அனுப்ப முதல் வாசிச்சுப் பாக்கேல்லையோ?" என்றார் நடராசா.

"இல்லை ஐயா. இப்பதான் வாசிக்கிறன்."

உண்மையைச் சொன்ன வெட்கத்தாலோ கமராவின் பயத்தாலோ, கதிரவேலு அன்றே இரண்டு கடிதத்தையும் கொம்பனிக்கு அனுப்பி விளக்கம் கேட்டார். மூன்று கிழமையில் பதில் வந்தது. திருத்தம் என்று வெளியிட்டதிலும் பிழை இருந்ததாம், வருந்துகிறார்களாம். பொறியியலாளர் ஒருவர் சரியான ஃபேர்ம்வெயரை ஏற்ற, இரண்டாவது டிஸ்க் உயிர்த்தது. பழுதான இரண்டுக்கும் பதிலாகப் புது டிஸ்க்குகளும் வந்தன.

உயிர்த்த டிஸ்க்கில் தாலி கட்டு, கண்ணீர், பந்தி எல்லாம் இருந்தன. மாப்பிள்ளையின் பெரியப்பா அருளம்பலத்தின் ஐம்பது நிமிட வாழ்த்துரை மட்டும் அழிந்திருந்தது. அதை மக்டலீன் நடராசாவிடம் தயங்கித் தயங்கிச் சொன்னார்.

"உண்மையாய் அழிஞ்சு போச்சுதோ?"

"ஓம் ஐயா."

"அதைத் தேடச் சொல்லி இனி ஒருத்தரையும் கேக்காதேங்கோ," என்றார் நடராசா.

மக்டலீன் இப்போது வேறு வேறு கொம்பனி டிஸ்க்குகள் வாங்குகிறார். ஃபிரிஜ்ஜுக்கோ மோட்டார் சைக்கிளுக்கோ வாரண்டி இல்லை என்று கடிதம் வந்தவர்கள் மானிப்பாய் அறையைத் தேடி வருகிறார்கள். வேலை கெடுகிறது என்று ஏசிக்கொண்டே அவர் ஒவ்வொன்றையும் கடைசி வரி வரைக்கும் வாசிக்கிறார்.