ஒரே ஆட்டோவில் இரண்டு வேட்பாளர்கள்

ஆம்பூர் புறவழிச்சாலையில், ஷூ கம்பெனி வாசலில் டீ குடித்துக்கொண்டிருக்கிறேன். பெங்களூர் போகிற அவசரமெல்லாம் போய்விட்டது. இடைத்தேர்தல் நடக்கிற ஊரில் வேடிக்கை பார்ப்பதைவிட நல்ல வேலை வேறென்ன இருக்கிறது?

ஷிப்ட் விடும் நேரம். ஓர் ஆட்டோ வந்து நிற்கிறது. அதன் ஒரு பக்கம் பலூன் கொத்து, மறுபக்கம் கயிற்றில் கட்டிய முழுத் தர்பூசணி. இரண்டும் சுயேச்சை வேட்பாளர்கள் இருவரின் சின்னங்கள்; இருவருக்கும் சேர்த்து ஒரே வண்டி, ஒரே மைக். வளையல் கடை பாய் பலூனுக்கு உருதுவில் ஓட்டுக் கேட்கிறார். மூச்சு வாங்கியதும் மைக்கை நிலக்கடலை விவசாயியிடம் நீட்டுகிறார். அவர் தர்பூசணிக்குத் தமிழில் கேட்கிறார்.

டிபன் பையோடு வெளியே வரும் பெண்களில் ஒருத்தி நிற்கிறாள்.

"அண்ணே, பழத்த எப்ப அறுப்பீங்க?"

"ஜெயிச்சதும்மா!"

கூட்டம் சிரிக்கிறது. ஆட்டோ டிரைவர் டீ வாங்க என் பக்கத்தில் வந்து நிற்கிறார்.

"உங்க ஓட்டு இவங்கள்ல யாருக்குங்க?" என்கிறேன்.

"எனக்குத்தான் சார். நானும் நிக்கிறேன்."

"உங்க சின்னம்?"

டீ கிளாஸை உயர்த்தி ஆட்டோவைக் காட்டுகிறார்.

"அவங்களுக்குத் தெரியுமா?"

"இன்னா சார், தெரியாமயா? அதான் வாடகையே வாணாம்னுட்டேன். டீசல் அவங்க போடுறாங்க, நம்ம சின்னம் தொகுதி பூரா சுத்துது."

அதற்குள் பாய் மைக்கில் கூப்பிடுகிறார்: "வேட்பாளரே, டீ குடிச்சது போதும், வண்டிய எடுங்க!"