இரண்டு விரல் தள்ளி

நேற்று ரத்தம் எடுக்க வந்த பெண் என் கையில் பஞ்சால் ஸ்பிரிட் தடவினாள். அடுத்த வாரம் எனக்கு நெஞ்சில் அறுவைச் சிகிச்சை. பயமா என்று கேட்டாள். இல்லை என்று பொய் சொன்னேன். எல்லோருக்கும் ஸ்பிரிட் வாடை ஆஸ்பத்திரியை நினைவூட்டும். எனக்கோ பிலோமினா அக்காவின் அடுக்களையை. மீன் கழுவிய வாடைக்கு நடுவிலும் அது தனியாகத் தெரியும்.

அக்கா எங்கள் தெருக்காரர். கொழும்பில் நர்ஸாக இருந்து, அங்கே சீனத்து ஊசி வைத்தியமும் கற்றுக்கொண்டு ஊர் திரும்பியவர். எழுபதுகளின் நடுவில் தூத்துக்குடியில் ஊசி என்றால் மருந்து ஏற்றுவது, இல்லாவிட்டால் துணி தைப்பது. மருந்தே இல்லாமல் குத்துகிற ஊசியை யார் நம்புவார்கள்? நான் அக்காவிடம் போனது துணிச்சலால் அல்ல, பயத்தால்தான்.

அப்போது ஒரு கப்பல் ஏஜென்சியில் எனக்கு டாலி கிளார்க் வேலை. இறங்குகிற மூட்டைகளை எண்ணிக் குறிக்க வேண்டும். எண்ணுவதில் நான் கெட்டிக்காரன், அதைச் சொல்லிக்கொள்வதில் வெட்கமில்லை. சிக்கல் வேறிடத்தில் இருந்தது. புதுத் துறைமுகம் வந்த பிறகும் இடம் கிடைக்காத கப்பல்கள் வெளிக்கடலில் நங்கூரம் போட்டு நிற்கும். வள்ளத்தில் போய், கப்பலில் தொங்கும் நூலேணியைத் தாவிப் பிடித்து ஏற வேண்டும். இரண்டு தடவை ஏறினேன். மூன்றாம் தடவை ஏணியைத் தொட்டதும் நெஞ்சு படபடத்து, விரல்கள் மரத்து, வள்ளத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். அதற்குப் பிறகு கப்பல் வருகிறது என்று கேட்டாலே சோறு இறங்காது.

மேனேஜர் சத்தம் போடவில்லை. "அடுத்த கப்பல்ல ஏறிருங்க தம்பி. இல்லேன்னா வேற ஆளு பாக்கணும்" என்றார். வீட்டில் சம்பாதிக்கிறவன் நான் ஒருவன்தான்.

அக்கா என் கையை மேசைமேல் மல்லாத்தி வைத்தார். "ஒன் மூணு விரல மணிக்கட்டு ரேகையில சேத்து வையி. அது முடியுத எடம், ரெண்டு நரம்புக்கு நடுவுல. ஒன் விரலாலதான் அளக்கணும். அடுத்தவன் விரலு ஒனக்கு ஒத்துவராது."

ஊசி தலைமுடியைவிடக் கொஞ்சம் தடிமன். குத்தும்போது கொசுக்கடி அளவுதான். பிறகு முழங்கை வரை ஒரு கனம் ஏறும். இருபது நிமிஷம் அசையக் கூடாது. அதற்குள் அக்கா மீனை அரிந்து முடித்துவிடுவார். ஐந்தாறு தடவை போனதும் எனக்கு உறக்கம் வரத் தொடங்கியது. ஊசியாலா, என் பயத்தைக் கேட்டு ஒருவர் சிரிக்காததாலா, இன்றும் தெரியவில்லை.

"கப்பல்ல படபடன்னு வந்தா அந்த எடத்தப் பெருவிரலால அமுக்கு, சரியாயிரும்" என்று சொல்லி அனுப்பினார்.

அடுத்த கப்பலும் வந்தது. வள்ளத்தை நடத்துகிறவரைத் தண்டல் என்போம். எங்கள் தண்டல் சவரிமுத்து அண்ணாச்சி, நான் வழியெல்லாம் மணிக்கட்டை அமுக்குவதைப் பார்த்துக்கொண்டே வந்தார்.

"அங்கன என்னலே தேடுத?"

சொன்னேன். அவர் தன் மூன்று விரல்களை என் கையில் வைத்து அளந்தார். கயிறு இழுத்துக் காய்த்த விரல்கள். சரியான இடத்தைத் தாண்டி, முழங்கைப் பக்கம் இரண்டு விரல் தள்ளிப் போய் நின்றன.

"இங்கனயா?"

"இல்ல அண்ணாச்சி, அது ஒங்க அளவு."

"நல்ல வைத்தியம்லே" என்று சிரித்தார். வள்ளத்தில் எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு அவமானமாக இருந்தது.

அன்றைக்குக் கச்சான் என்கிற மேல்காற்று பலமாக வீசியது. பாதி ஏணியில் இருக்கும்போது கப்பல் சாய்ந்து, ஏணி என்னோடு சேர்ந்து வெளியே போய், திரும்பி வந்து இரும்பில் மோதியது. நெஞ்சு பழையபடி அடித்துக்கொண்டது. மணிக்கட்டை அமுக்கவேண்டும். அப்போதுதான் புரிந்தது: ஒரு கையை அமுக்க இன்னொரு கை வேண்டும். நூலேணியில் நிற்கிறவனுக்கு மிச்சக் கை ஏது? அக்காவும் இதை யோசிக்கவில்லை, நானும் யோசிக்கவில்லை.

கீழே சிரிப்பு கேட்கும் என்று காத்திருந்தேன். ஏணி அதிர்ந்தது. தண்டல் ஏறி வந்து என் முதுகோடு ஒட்டி நின்றார். ஒரு கையால் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, மறு கைப் பெருவிரலை என் கையில் வைத்து அமுக்கினார். அவர் அளவில், இரண்டு விரல் தள்ளித்தான். உயிர் போகிற வலி.

"இங்கனதானலே?"

"ஆமா."

"அப்ப ஏறு. படிக்குப் படி அமுக்குதேன்."

ஏறிவிட்டேன். அன்று எண்ணிக்கையில் ஒரு மூட்டை பிசகவில்லை.

சாயங்காலம் அக்கா வாசலிலேயே நின்றிருந்தார். "அந்த எடத்துலதான அமுக்குன?" "அந்த எடத்துலதான் அக்கா." அவர் முகத்தில் வந்த சந்தோஷத்தைப் பார்த்த பிறகு உண்மையைச் சொல்ல மனம் வரவில்லை. கடைசிவரை சொல்லவுமில்லை.

வெளிக்கடலில் சரக்கு இறக்கிய வள்ளங்கள் இன்று இல்லை. கப்பலில் இருந்து பெட்டி பெட்டியாக இறங்குகிறது, எண்ணுவதும் இயந்திரம்தான். அக்கா மகளோடு வெளிநாடு போய் அங்கேயே காலமானார். தண்டலின் அடக்கத்துக்குப் போயிருந்தேன். ஜெபமாலை சுற்றிய கைகளில் பெருவிரலை மட்டும் பார்த்துக்கொண்டு நின்றேன்.

நேற்று ரத்தம் எடுத்த பெண் போன பிறகு மூன்று விரல் வைத்து, அக்கா சொன்ன இடத்தைச் சரியாகக் கண்டுபிடித்து அமுக்கினேன். நெஞ்சு அடங்கவில்லை. இரண்டு விரல் தள்ளி அமுக்கிப் பார்த்தேன். என் பெருவிரலுக்கு அவ்வளவு பலம் இல்லை.