மாதா கோயில் எதிரில், பெங்களூர்

இப்போது பெங்களூரில் எந்த வீடும் பின்கோடு என்ற ஆறு எண்ணுக்குள் அடங்கிவிடுகிறது. கடைசியில் ஐந்து வந்தால் எங்கள் ரிச்சர்ட்ஸ் டவுன் பக்கம், நாற்பத்தேழு வந்தால் விவேக் நகர். எண்ணே இல்லாவிட்டால் ஒரு கடிதம் எங்கே போய் உட்காரும் என்று எனக்குத் தெரியும். 1944-ல், இந்த எண்களெல்லாம் வருவதற்கு வெகுகாலம் முன்பு, ஊரின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குப் போய்த் தெரிந்துகொண்டேன். அதே வழியில் போக நினைப்பவர்களுக்காக எழுதி வைக்கிறேன்.

என் வீட்டுக்காரர் பட்டாளத்தோடு பர்மா எல்லைக்குப் போய் எட்டு மாதம் ஆகியிருந்தது. அவர் சம்பளத்தில் வீட்டுக்கான பங்கு என் மாமனார் பெயருக்கு மாதம் தவறாமல் வந்தது. எனக்கு மட்டும் ஒரு வரி வரவில்லை. "எழுதணும்னு தோணினா எழுதமாட்டானா?" என்று என் மாமியார் சாப்பாட்டு நேரமாகப் பார்த்துக் கேட்பார். அவர் போய்ச் சேர்ந்து எத்தனையோ காலமாகிவிட்டது. அந்தக் கேள்வியை நான் இன்னும் வைத்திருக்கிறேன்.

அப்போது இவரோடு பட்டாளத்தில் இருந்த சூசை என்பவர் காய்ச்சல் லீவில் வந்தார். வாசலிலேயே சண்டை பிடித்தார். "என்ன அண்ணி, கல்லு மனசா உங்களுக்கு? மாசா மாசம் எழுதறாரு. பதில் இல்லேன்னு ராவெல்லாம் முழிச்சிட்டிருக்காரு."

"எங்கே எழுதறாரு?"

"மரியம்மாள், மாதா கோயில் எதிரில், பெங்களூர். நானே பாத்தேனே."

கேட்டதும் விளங்கிவிட்டது. எங்கள் சனம் தெருப் பெயர் சொல்லாது, கதவு எண் சொல்லாது, கோயிலைத்தான் சொல்லும். மாதா சுரூபம் இருக்கிற கோயிலெல்லாம் மாதா கோயில். அவரவருக்கு அவரவர் தெருவில் இருப்பதுதான் உலகத்திலேயே ஒரே மாதா கோயில். அன்றைக்கோ ஊரே இரண்டு. கண்டோன்மென்ட் வெள்ளைக்காரனுக்கு, சிட்டி மைசூர் மகாராஜாவுக்கு. எந்தப் பக்கம் என்று உறையில் எழுதினால்தான் தபால் அந்தப் பக்கம் வரும். இவர் எழுதவில்லை; கடிதமெல்லாம் சிட்டிப் பக்கத்து மாதா கோயிலுக்குப் போயிருக்க வேண்டும். பிறந்து வளர்ந்த ஊருக்கு இரண்டு பக்கம் உண்டு என்று யாருக்கு நினைவு வரும்?

சனிக்கிழமை நவநாள் ஜெபத்துக்குப் போவதாகச் சொல்லிவிட்டு ஏழு மணிக்குக் கிளம்பினேன். பிளாக்பள்ளி வரை, இன்றைய சிவாஜி நகர்தான், நடை, ஒன்றரை மைல். கரி வாயுவில் ஓடும் பஸ் ஒன்று மேட்டில் மூச்சு வாங்கி நின்றுகொண்டிருந்தது. அதை நம்பாமல் ஜட்கா ஸ்டாண்டுக்குப் போனேன்.

"சிட்டிப் பேட்டைக்கா? அங்கேருந்து வாபஸ் சவாரி கிடைக்காதும்மா. பத்தணா குடுங்க," என்றார் ஜட்காக்காரர்.

"பத்தணாவுக்குக் குதிரையும் சேத்துக் குடுப்பியா பாய்?"

"கொண்டு போங்க. தின்றதைப் பாத்தா நாளைக்கே திருப்பிக் கொண்டாந்து உடுவீங்க."

எட்டணாவுக்கு முடிந்தது. மூன்று மைல், முக்கால் மணி நேரம். கப்பன் பார்க்குக்குள் நுழைந்ததும் காற்று குளிர்ந்தது. கல்யாணமான புதிதில் இவர் என்னை அங்கே பாண்டு வாத்தியம் கேட்கக் கூட்டி வந்திருந்தார். இரண்டு மணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்திருந்தும் "பனி விழுது, போலாமா" என்பதைத் தவிர ஒன்றும் பேசவில்லை. பேசத் தெரியாத மனிதர். அந்த மூங்கில் புதரைத் தாண்டும்போது, அந்த ஒரு பேச்சையாவது இன்னொரு தரம் கேட்டால் போதும் என்று இருந்தது.

பார்க்கைத் தாண்டினால் வேறு ஊர். பலகையெல்லாம் கன்னடம், சந்தெல்லாம் மூட்டை வண்டி. சிட்டி தபாலாபீஸ் வாசலில் பைகளோடு புறப்பட்டுக்கொண்டிருந்த தபால்காரர்களிடம் விசாரித்தேன். ஒருவர் நின்று, கன்னடம் கலந்த தமிழில் சொன்னார்.

"மரியம்மாவா? பட்டாளத்துக் காகிதம் வருதே, அவங்க தானே? நானே கொட்டிதினி, நானே குடுத்தது, ஏழு காகிதம். பன்னியம்மா, வாங்க, என் லைன்லயே இருக்கு."

மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில், சுண்ணாம்பு உதிர்ந்த சின்ன மாதா கோயில். எதிரில் ஓட்டு வீடு. என் வயதுதான் இருக்கும், ஒருத்தி அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். தபால்காரரைப் பார்த்து முகம் மலர்ந்தாள். பின்னால் என்னைப் பார்த்ததும் முறம் நின்றுவிட்டது.

"நீயும் மரியம்மாளா?" என்றேன்.

"நீ வருவேன்னு தெரியும்," என்றாள். தபால்காரர் நழுவிவிட்டார்.

அவள் புருஷனும் பட்டாளம்தான். போய் இரண்டு வருஷம், ஒரு சேதியும் இல்லை. முதல் கடிதத்தைப் பிரித்ததும் கையெழுத்து வேறு ஆளுடையது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"தெரிஞ்சும் ஏண்டி திருப்பிக் குடுக்கல?"

"குடுத்தா அடுத்தது வராதே அக்கா."

அறையலாம் என்று கை எழுந்தது. அதற்குள் தகரப் பெட்டியைத் திறந்து எல்லாவற்றையும் என் மடியில் வைத்தாள். நான் முதல் கடிதத்தைத் தலைகீழாகப் பிடித்திருக்கிறேன் என்று கண்டுபிடித்தவளும் அவள்தான்.

"படிக்க வராதா?"

"வராது."

"அப்ப உக்காரு."

அவள் காகிதத்தைக் கையில் வாங்கவே இல்லை. கோயில் சுவரைப் பார்த்தபடி ஏழு கடிதத்தையும் வரிசையாகச் சொன்னாள். கூடாரத்துக்குள் மழைத் தண்ணீர் வந்தது, அட்டை கடித்தது, எல்லாம் வந்தது. ஐந்தாவதில் அவர் எழுதியிருந்தார்: 'உனக்குக் கோபம் வந்தால் கரண்டியைச் சட்டியில் தட்டுவாயே, அந்தச் சத்தம் இங்கே ராத்திரியில் கேட்கிறது. என்மேல் கோபமாகவாவது யாரையாவது ஒரு வரி எழுதச் சொல்.' அந்த இடத்தில் அவள் குரல் கம்மியது. என் புருஷன் எனக்குச் சொன்னதற்கு அவள் அழுதாள்.

கிளம்பும்போது கையைப் பிடித்துக்கொண்டாள். "ஒண்ணே ஒண்ணை விட்டுட்டுப் போயேன் அக்கா."

கொடுக்கவில்லை. இன்று கேட்டாலும் கொடுக்கமாட்டேன்.

சூசை மூலமாகச் சரியான விலாசம் போயிற்று. அதன்பின் கடிதங்கள் எங்கள் வீட்டுக்கே வந்தன. இன்னொருத்தி வாயால் கேட்கக் கூடாது என்று கன்னியாஸ்திரிகளிடம் போய் எழுத்துக் கூட்டக் கற்றுக்கொண்டேன்; இன்று இதை எழுதுவதும் அந்தப் படிப்பால்தான். ஆனால் பதில் கிடைக்க ஆரம்பித்ததும் அவருக்கு எழுதுவதற்கு ஒன்றும் இல்லாமல் போயிற்று. நலம், நலமறிய ஆவல், அப்பாவுக்கு இருமல் எப்படி? அவ்வளவுதான். சண்டை முடிந்து வந்து முப்பது வருஷம் என்னோடு வாழ்ந்தார், நல்லபடியாகவே. ஒரு நாள் கரண்டியை வேண்டுமென்றே தட்டிப் பார்த்தேன். "குழம்பு தீய்ஞ்சிடுச்சா?" என்று கேட்டார்.

போக விரும்புகிறவர்களுக்கு: காலையிலேயே கிளம்புங்கள், மார்க்கெட் நெரிசல் பத்து மணிக்குமேல் தாங்காது. கப்பன் பார்க் வழியாகவே போங்கள். இரண்டு ஊரும் ஒட்டிய தையல் அங்கேதான் தெரியும். கோயிலைச் சொல்லி வழி கேட்காதீர்கள். கடிதம் எழுதினால் எண்ணைச் சரியாகப் போடுங்கள்.

அந்த ஏழும் என்னிடம்தான் இருக்கின்றன. எழுத்துக் கூட்டி நானே படிக்கிறேன். ஆனால் ஐந்தாவதை எடுக்கும்போது அவர் குரல் வருவதில்லை. அவள் குரல்தான் வருகிறது, அதே இடத்தில் கம்முகிறது. இதற்காகத்தான் அவளை மன்னிக்க முடியவில்லை. அவள் புருஷன் திரும்பி வந்தானா என்பது மட்டும் கடைசிவரை தெரியவில்லை.