கோணலாக வெட்டிய பெயர்

டெல்மா பியூவுக்கு அறுபத்திரண்டு வயது. அமெரிக்காவின் ஒஹையோவில், எங்கள் ஜாக்சன் மாவட்டத்தில் பள்ளிப் பேருந்து ஓட்டுகிற பெண்மணி. நடை முடிந்ததும் கடைசி இருக்கை வரை நடந்து, ஒவ்வொரு இருக்கைக்கு அடியிலும் குனிந்து பார்த்துவிட்டுத்தான் இறங்குவார். அதே கொட்டகையிலிருந்து வண்டி எடுக்கும் நாங்களெல்லாம் கண்ணாடியில் ஒரு பார்வையோடு முடித்துக்கொள்வோம். பழைய துப்பாக்கிகளையும் அவர் அப்படித்தான் பார்ப்பார்.

எங்கள் பக்கத்துச் சேகரிப்பாளர்கள் பெரும்பாலும் சொந்த மாவட்டத்தைத் தாண்டுவதில்லை. நூற்றெழுபது வருடத்துக்கு முன் ஒவ்வொரு மாவட்டத்திலும் பத்துப் பதினைந்து பேர் பட்டறை வைத்து, குழலின் வாய்வழியாக வெடிமருந்து கெட்டிக்கும் நீளத் துப்பாக்கிகளைச் செய்தார்கள். குழலின் மேல்முகத்தில் தங்கள் பெயரை வெட்டினார்கள். அந்தப் பெயர்களைத் தேடிப் புத்தகமாகப் போடுவது எங்கள் சங்கத்தின் வேலை. அதற்கு ஒரு விதி இருக்கிறது. பெயர் வெட்டிய துப்பாக்கி ஒன்றாவது எங்கள் மேசைக்கு வர வேண்டும். மூன்று உறுப்பினர்கள் கையில் எடுத்துப் பார்க்க வேண்டும். பழைய காகிதங்களில் மட்டும் இருப்பவர்கள் கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் கிடப்பார்கள்.

அப்படிக் கிடந்தவர் ஐசக் ஹார்போல்ட். 1850ஆம் வருடக் கணக்கெடுப்பில் ‘துப்பாக்கி செய்பவர்’ என்று ஒரு வரி, வரிப் பட்டியலில் இரண்டு இடம், அவ்வளவுதான். டெல்மா பதினெட்டு வருடமாக அவருடைய துப்பாக்கியைத் தேடிக்கொண்டிருந்தார். ஏன் அவரை மட்டும் என்று கேட்டால், அவர் பட்டறை இருந்த இடத்தைத் தினம் இரண்டு முறை கடந்து போகிறேனே என்பார். வேறு காரணம் சொன்னதில்லை.

போன வருடம் புதுப் பதிப்பு வேலை தொடங்கியது. பதிப்பைக் கவனிக்கும் வெர்ல் ஷீட்ஸ், கடைசிப் பக்கத்தையே எடுத்துவிடலாம் என்றார். துப்பாக்கி இல்லாத துப்பாக்கிக்காரன் எதற்கு என்பது அவர் வாதம். கூட்டமும் கை தூக்கியது. அக்டோபரில் அச்சு. அதற்குள் ஒரு துப்பாக்கி வராவிட்டால் ஹார்போல்ட் புத்தகத்திலேயே இருக்க மாட்டார்.

ஜூனில் எங்கள் தேவாலயப் பாடகர் குழு வேல்ஸுக்குப் போனது. எங்கள் ஊர்க் குடும்பங்களில் பாதி அங்கிருந்து வந்தவை. வந்தவர்களில் சிலர் திரும்பியும் போயிருக்கிறார்கள். திரும்பியவன் கட்டிலை விட்டுப் போயிருந்தாலும் துப்பாக்கியை விட்டிருக்க மாட்டான் என்று டெல்மா நினைத்தார். மற்றவர்கள் கோட்டை பார்க்கப் போனபோது அவர் பழம்பொருள் கடைகளில் ஏறி இறங்கினார். நான் கூடவே போனேன். துப்பாக்கி இருக்கிறதா என்று அவர் கேட்கவில்லை. எட்டுப் பட்டைக் குழலும் அலையோடிய மேப்பிள் மரமுமாக ஒரு படத்தைக் காட்டினார். ஐந்து கடைகளில் பறவை வேட்டைத் துப்பாக்கிகளாக எடுத்து நீட்டினார்கள். ஆறாவது கடை லாம்பெட்டர் என்ற ஊரில். கடைக்கார அம்மா படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, இது எம்லின் வீட்டு அடுப்புக்கு மேல் தொங்குகிறதே என்றார்.

எம்லின் ஆடு வளர்ப்பவர், எழுபது வயது, மனைவியை இழந்தவர். அவர் வம்சத்தில் ஒருவர் ஒஹையோவின் இரும்பு உலையில் ஒன்பது வருடம் உழைத்துவிட்டு ஊர் திரும்பியிருக்கிறார். துப்பாக்கி அவருடையது. டெல்மா அவரிடம் அனுமதி கேட்ட பிறகே அதைத் தொட்டார். எங்கள் ஊரில் யாரும் முதலில் செய்வதையே செய்தார்: குண்டு இறக்கும் கோலைக் குழலுக்குள் விட்டு, வாயருகே கட்டைவிரலால் அடையாளம் பிடித்து, வெளியே எடுத்துக் குழலோடு ஒட்டி வைத்தார். குழலின் நீளத்துக்கு நான்கு விரல் குறைந்தது.

“எம்லின், இது எத்தனை வருஷமா இங்க தொங்குது?”

“எங்கப்பா பொறக்கறதுக்கு முன்னாலேர்ந்து.”

“உள்ள மருந்தும் குண்டும் அப்படியே இருக்கு.”

எம்லின் அடுப்பைப் பார்த்தார், நாற்காலியைப் பார்த்தார். “நாப்பது வருஷமா அதுக்கு நேர் கீழ உக்காந்துதான் கஞ்சி குடிக்கிறேன். நல்ல வேளை, என் பொண்டாட்டிக்கு இது தெரியாமலே போச்சு.”

குழலுக்குள் தண்ணீர் ஊற்றி மூலையில் சாத்தினோம். மருந்து ஊறினால் மறுநாள் வெளியே இழுக்கலாம். அதன் பிறகு துப்பாக்கியை எடுத்துப் போங்கள் என்று எம்லின் சொல்லிவிட்டார். மேல்முகத்தில் துருவும் கரியும் தகடாகப் படிந்திருந்தன. அடியில் எழுத்து இருப்பது விரலுக்குத் தெரிந்தது, கண்ணுக்குத் தெரியவில்லை. எண்ணெய் தடவி, வாரக்கணக்கில் பொறுத்து எடுக்க வேண்டிய துரு. அதைத் தொடக்கூடாது என்று டெல்மா எம்லினிடம் சொல்லவில்லை. எங்கள் ஊரில் அது யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. அந்தப் பழக்கத்தில் விட்டுவிட்டார்.

காலையில் எம்லின் வாசலிலேயே நின்றார். கையில் துப்பாக்கி பளபளவென்று மின்னியது. ஆட்டுக் கத்தரி தீட்டும் சக்கரத்தில் கம்பி பிரஷ் மாட்டித் தேய்த்திருந்தார்.

“சந்தைக்குப் போற கிடாவைக் குளிப்பாட்டாம அனுப்புவோமா?” என்றார், சந்தோஷமாக.

மேல்முகத்தில் ‘ஐ. ஹார்’ மட்டும் மிஞ்சியிருந்தது. மீதி எழுத்துகள் இருந்த இடம் கண்ணாடியாக இருந்தது. ‘ஹார்’ என்று பெயர் தொடங்கும் துப்பாக்கிக்காரர்கள் எங்கள் மாவட்டத்திலேயே மூன்று பேர். வெர்ல் என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியும். டெல்மாவுக்கும் தெரியும். அவர் அந்த நாற்காலியில் உட்கார்ந்தார். என்ன கெட்டுப்போனது என்று நான் சொன்னதும் எம்லினின் முகம் வாடிவிட்டது.

“தப்பு என்னோடது. சொல்லாம போனது நான்தானே,” என்றார் டெல்மா.

பிறகு எழுந்தார். பெயர் போனாலும் மருந்தை அங்கே விட்டுவிட்டுப் போக அவரால் முடியாது. குழலை மரத்தில் பிடித்திருந்த ஆப்புகளைத் தட்டி, பின் திருகைக் கழற்றி, குழலைத் தூக்கினார். பிடிக்க வாகாக மேசைமேல் புரட்டினார். மரத்துக்குள் புதைந்திருந்த அடிமுகத்தில் துரு இல்லை. பின்கோடியில் எழுத்துகள் இருந்தன: ‘ஐ. ஹார்போல்ட், ஜாக்சன்’. முதல் எழுத்து நேராகத் தொடங்கி, போகப் போகச் சரிந்து, கடைசி எழுத்து விளிம்பைத் தாண்டப் பார்த்தது.

டெல்மா பையிலிருந்து லென்ஸை எடுத்து ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்தார். பிறகுதான் விளக்கினார். முதலில் வெட்டியது இதுதான். கோணலாகப் போனதால் அந்தப் பட்டையை மரத்துக்குள் திருப்பி மறைத்துவிட்டு, மேல்முகத்தில் மறுபடி வெட்டியிருக்கிறார் ஹார்போல்ட்.

எம்லின் குனிந்து பார்த்தார். “அப்ப அந்தாளும் என்னை மாதிரிதான் போல.”

ஊறிய மருந்து கறுப்புச் சேறாக வந்தது. எம்லின் காசு வேண்டாம் என்று பிடிவாதம் பிடித்தார். ரசீது இல்லாமல் ஏற்றுமதி அனுமதி வராது என்று டெல்மா வாதாடி அறுநூறு பவுண்டு கொடுத்தார். காகிதங்களைக் கடைக்கார அம்மா பார்த்துக்கொண்டார். கோடை முழுக்க ஆயிற்று. நடுவில் டெல்மா அனுப்பிய படங்களுக்கு வெர்லின் பதில் ஒரே வரி: படத்தைக் கையில் தூக்க முடியாது.

செப்டம்பர் இருபத்தாறாம் தேதி பெட்டி வந்தது. மூன்றாம் நாள் கூட்டம். வாங்கியவர் கை கணக்கில் சேராது. வெர்லும் நானும் பொருளாளரும் பார்த்தோம். வெர்ல் ஆப்புகளைத் தானே தட்டிக் கழற்றினார்.

“மேல்பக்கத்தைத் தேய்ச்சவன் யாரு? அவன் கையை ஒடிக்கணும்.”

“நல்ல கை, வெர்ல். விட்டுரு,” என்றார் டெல்மா.

வெர்ல் குழலைப் புரட்டினார். லென்ஸை வைத்தார், எடுத்தார், கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி வைத்தார்.

“நாலு பக்கத்தை மறுபடி அச்சுக் கோக்கணும். தெரியுமா பஸ்காரி, உன்னால எனக்கு எவ்வளவு வேலைன்னு?” என்றார். பிறகு பேனாவை எடுத்தார். “எத்தனை வரி வேணும்?”

“ஆறு.”

“ரெண்டு தரேன்.”

“ரெண்டே போதும். ஆனா அந்தக் கோணல் எழுத்தோட படம் போடணும், முழு அகலத்துக்கு.”

வெர்ல் அளவுகோலை எடுத்துப் பக்கத்தை அளக்கத் தொடங்கினார்.